சங்கு ஊதினால் போதுமா? ஆற்றுத் துறைமுகங்களின் யுத்தக் கதை

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது நிதானமாகப் படியுங்கள்.

செப்டம்பர் மாதம் பிறந்தால் முகநூலில் எம்டன் பதிவுகள் வந்துவிடும். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னை மேல் குண்டு விழுந்த கதை நம் எல்லோருக்கும் மனப்பாடம். 1942 ஏப்ரலில் "ஜப்பான்காரன் வருகிறான்" என்று சென்னை மக்கள் மூட்டை முடிச்சோடு ஊரைக் காலி செய்த கதையும் பலர் வீட்டில் பாட்டி சொல்லிக் கேட்டதுதான். ஆனால் இரண்டாம் உலகப் போரில் நம் நாட்டுத் தொழிலாளர்கள் பெரும் எண்ணிக்கையில் விமானக் குண்டுக்குப் பலியான ஊர் சென்னை அல்ல, ரங்கூன். அதற்கு அடுத்தது கல்கத்தா. இரண்டுமே கடற்கரை ஊர்கள் அல்ல. ஆற்றங்கரைத் துறைமுகங்கள்.

பல வருஷம் சமூக அறிவியல் பாடம் எடுத்தவன் நான். "பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டது, ஜப்பான் பர்மாவைப் பிடித்தது" என்று இரண்டு வரியில் பாடம் முடிந்துவிடும். அந்த இரண்டு வரிக்கு நடுவில் ரங்கூன் ஜெட்டியில் மூட்டை தூக்கியவன் என்ன ஆனான் என்று எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. ஓய்வுக்குப் பிறகு தேடித்தேடிப் படித்ததில் கிடைத்ததை இங்கே எழுதுகிறேன்.

*ஆறு ஏன் ஆபத்து?*

ரங்கூன் துறைமுகம் கடலிலிருந்து ஏறக்குறைய 34 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. கல்கத்தா இன்னும் தூரம், ஹூக்ளி ஆற்றில் சுமார் 200 கிலோமீட்டர் உள்ளே. லண்டன் தேம்ஸ் ஆற்றில். இவ்வளவு உள்ளே இருப்பதால் எதிரிக் கப்பலுக்குப் பயமில்லை என்று பழைய காலத்தில் நினைத்தார்கள். விமானம் வந்ததும் அந்தக் கணக்கு தலைகீழாகிவிட்டது.

யுத்தகாலத்தில் இருட்டடிப்பு என்று ஒரு சட்டம் போட்டார்கள். தெருவிளக்கு கிடையாது, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, வண்டி விளக்குக்கு மூடி. ஊரையே இருட்டாக்கலாம், சரி. ஆற்றை எப்படி இருட்டாக்குவது? நிலா வெளிச்சத்தில் ஆறு வெள்ளிக் கம்பி போல மேலிருந்து தெரியும். ஆற்றைப் பிடித்துக்கொண்டே வந்தால் துறைமுகம். லண்டனைத் தாக்கிய ஜெர்மன் விமானிகளுக்குத் தேம்ஸ் ஆற்றின் வளைவுகளே வழிகாட்டி.

இரண்டாவது சங்கடம், மண். ஆறு கொண்டுவந்து போட்ட வண்டல் மண்ணில் கொஞ்சம் தோண்டினாலே நீர் ஊறும். பதுங்குகுழி வெட்டினால் மழைக்காலத்தில் அது குட்டையாகிவிடும். ஆழமான பாதாள அறை கட்டவே முடியாது. அதனால் கல்கத்தாவில் மைதானங்களில் ஆழமில்லாத அகழிகளும், தெருவில் செங்கல் காப்பறைகளும், கட்டட வாசலுக்கு முன்னால் குண்டுச் சிதறல் உள்ளே வராதபடி தடுப்புச் சுவர்களும்தான் கட்டினார்கள்.

மூன்றாவது, நெருப்பு. துறைமுகக் கிட்டங்கியில் இருப்பது என்ன? மரம், எண்ணெய், சர்க்கரை, ரப்பர், பருத்தி, சணல். எல்லாமே எரியும் சரக்கு. தண்ணீர்தான் பக்கத்திலேயே ஓடுகிறதே என்பீர்கள். கடலை ஒட்டிய ஆறுகளில் ஓதம் உண்டு. தண்ணீர் ஏறும், இறங்கும். 1940 டிசம்பர் 29 இரவு லண்டன் நகரம் பற்றி எரிந்தபோது தேம்ஸில் தண்ணீர் மிகவும் வற்றிக் கிடந்தது. தீயணைப்புக் குழாய்கள் எட்டவில்லை. தீயணைப்பு வீரர்கள் சேற்றுக்குள் இறங்கிப் போராடினார்கள்.

நான்காவதுதான் முக்கியம். துறைமுகத்தில் வேலை செய்பவன் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே குடியிருப்பான். தினக்கூலி, அதிகாலையில் போய் நின்றால்தான் வேலை. குண்டு கிட்டங்கிக்குக் குறி வைத்தாலும் விழுவது அவன் குடிசை மேலும்தான்.

*ஏ.ஆர்.பி. என்றால் என்ன?*

விமானத் தாக்குதலிலிருந்து பொதுமக்களைக் காக்கும் அமைப்புக்கு அன்றைக்கு ஏ.ஆர்.பி. என்று பெயர். பழைய ஆட்கள் இன்றும் அப்படியே சொல்வார்கள். தெருவுக்குத் தெரு வார்டன்கள், இரும்புத் தொப்பி, விசில். அபாயம் வருகிறது என்றால் ஏறி இறங்கி ஊதும் சங்கு, அபாயம் நீங்கியது என்றால் ஒரே சீராக ஊதும் சங்கு. வாளி வாளியாக மணல். தீக்குண்டு மேல் வாளித் தண்ணீரைக் கொட்டினால் அது இன்னும் சீறும், அதனால் மணலைப் போட்டு மூட வேண்டும். வாளிக்குள் நிறுத்திக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கையால் அடிக்கும் சிறிய பம்ப். முதலுதவிக் குழு, இடிபாடு தோண்டும் குழு.

பட்டியலைப் பார்த்தால் எல்லாம் இருப்பது போலத் தெரியும். ஆனால் குண்டு விழுந்து முடிந்த மறுநாள் காலையில் வீடு இழந்தவன் எங்கே படுப்பான், அவன் பிள்ளைக்குச் சோறு எங்கே, ஊரை விட்டுப் போக வண்டி யார் தருவார்கள் என்ற கேள்விகளுக்கு அந்தப் பட்டியலில் பதில் இல்லை. மூன்று ஊர்களில் இந்தக் குறை எப்படி வெளிப்பட்டது என்று பார்ப்போம்.

*லண்டன், 1940*

1940 செப்டம்பர் 7, சனிக்கிழமை மாலை. ஜெர்மன் விமானங்கள் தேம்ஸ் ஆற்றைப் பிடித்துக்கொண்டு கிழக்கு லண்டன் துறைமுகப் பகுதிக்கு வந்தன. சர்ரே துறையில் மரக்குவியல்கள் எரிந்த வெளிச்சமே இரவில் வந்த விமானங்களுக்கு விளக்காகிவிட்டது. அன்று மட்டும் சுமார் 430 பேர் இறந்தார்கள். அதிலிருந்து தொடர்ந்து 57 இரவுகள் லண்டன் மேல் குண்டு விழுந்தது.

அரசாங்கம் ஏற்கெனவே லட்சக்கணக்கான வீடுகளுக்குத் தகரக் காப்பறை கொடுத்திருந்தது. தோட்டத்தில் குழி வெட்டிப் புதைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் துறைமுகத் தொழிலாளி வீட்டில் தோட்டம் ஏது? அவர்களுக்காகத் தெருவில் கட்டிய செங்கல் காப்பறைகள் சிலவற்றில் சிமென்ட் சேர்க்காத காரை. குண்டு பக்கத்தில் விழுந்த அதிர்ச்சியிலேயே சுவர் சரிந்து மேல்தளம் அப்படியே உட்கார்ந்துவிட்டது.

ஆசிரியனாக என்னால் மறக்க முடியாத இடம், கேனிங் டவுனில் இருந்த சவுத் ஹால்ஸ்வில் பள்ளிக்கூடம். வீடிழந்த துறைமுகக் குடும்பங்களை அந்தப் பள்ளியில் கொண்டுபோய் வைத்தார்கள். பேருந்து வரும், பத்திரமான ஊருக்கு அழைத்துப் போகும் என்றார்கள். பேருந்து வரவில்லை. கேனிங் டவுனுக்குப் பதிலாகக் கேம்டன் டவுனுக்குப் போய்விட்டன என்று ஒரு பேச்சு உண்டு. செப்டம்பர் 10 விடிவதற்கு முன் அந்தப் பள்ளி மேலேயே குண்டு விழுந்தது. அரசுக் கணக்கு 77 பேர். நூற்றுக்கணக்கில் இருக்கும் என்பது அந்த வட்டார மக்களின் நம்பிக்கை. சங்கு ஊதாமல் இல்லை, வார்டன் இல்லாமல் இல்லை. பேருந்து இல்லை, அவ்வளவுதான்.

ஆனால் லண்டன் சீக்கிரம் பாடம் கற்றுக்கொண்டது. ஏன் தெரியுமா? அந்த மக்கள் சும்மா இருக்கவில்லை. செப்டம்பர் 14 இரவு, பில் பிராட்டின் என்ற கம்யூனிஸ்ட் கவுன்சிலர் தலைமையில் கிழக்கு லண்டன் ஏழைகள் சிலர் பிள்ளைகுட்டிகளோடு சவாய் என்ற பணக்கார ஹோட்டலின் காப்பறைக்குள் நுழைந்து உட்கார்ந்துவிட்டார்கள். பாதாள ரயில் நிலையத்தில் தங்கக் கூடாது என்று அரசு சொல்லியிருந்தது. மக்கள் பயணச்சீட்டு வாங்கிக்கொண்டு இறங்கி, மேலே ஏறி வர மறுத்துவிட்டார்கள். சில வாரங்களில் அரசு இறங்கி வந்தது. பாதாள நிலையங்களில் படுக்கை அடுக்குகள், கழிப்பறை, டீ எல்லாம் வந்தன. அவர்களுக்கு ஓட்டு இருந்தது, கவுன்சிலர் இருந்தார், பத்திரிகை இருந்தது.

*ரங்கூன், 1941*

இப்போது கிழக்கே வருவோம். 1931 கணக்கெடுப்பில் ரங்கூனின் மக்கள்தொகை சுமார் 4 லட்சம். அதில் பாதிக்கு மேல் இந்தியர்கள். துறைமுகக் கூலிகளில் பெரும்பகுதி கஞ்சம், விசாகப்பட்டினம், கோதாவரிப் பக்கத்துத் தெலுங்கர்கள். செட்டியார்களின் கடைகளில், வீடுகளில், அரிசி ஆலைகளில், வயல்களில் நம் தமிழர்கள். கூலிகள் மேஸ்திரியின் கீழ் வேலை செய்தார்கள். முன்பணம் கொடுத்துக் கூட்டி வந்தவர் மேஸ்திரி, கூலியும் அவர் கை வழியாகத்தான். ஒரே அறையில் கூட்டம் கூட்டமாகக் குடியிருப்பு. 1930இலும் 1938இலும் நடந்த கலவரங்களில் வேறு இந்த மக்கள் அடிபட்டிருந்தார்கள். அரசாங்கமோ பக்கத்து வீட்டுக்காரரோ நம்மைக் காப்பாற்றுவார் என்ற நம்பிக்கை அவர்களுக்கு எப்படி இருக்கும்?

1941 டிசம்பர் 23, செவ்வாய்க்கிழமை காலை. சங்கு ஊதியது. ஜப்பானிய விமானங்கள் வெயிலில் மின்னிக்கொண்டு வந்தன. சீனாவுக்குப் போக வேண்டிய அமெரிக்க யுத்தச் சரக்கு அப்போது ரங்கூன் துறைமுகத்தில்தான் இறங்கிக்கொண்டிருந்தது, அதனால் இந்த ஊர் அவர்களுக்கு முக்கியம். மக்கள் என்ன செய்தார்கள்? ஓடி ஒளியவில்லை. தெருவில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

இதை எத்தனையோ புத்தகங்களில் படிக்கலாம். நான் நேரிலேயே கேட்டிருக்கிறேன். சிவகங்கைப் பக்கம் நான் வேலை பார்த்த ஊரில் "பர்மா அப்பத்தா" என்று ஒருவர் இருந்தார். அப்போது அவருக்குப் பத்து வயதாம். "உள்ள போகணும்னு யாருப்பா சொன்னா? சங்கு ஊதுச்சு, எல்லாரும் சாமி ஊர்வலம் பாக்க நிக்கிற மாதிரி வாசல்ல நின்னோம். எங்க அய்யாதான் எந்தலையப் புடிச்சு அமுக்கிக் கீழ படுக்க வச்சாரு" என்றார். அவர் படித்ததில்லை. ஆனால் "யாருப்பா சொன்னா?" என்ற அந்த ஒரு கேள்வியில் முழு விஷயமும் இருக்கிறது. எச்சரிக்கை என்பது சத்தம் மட்டும் அல்ல. சத்தம் கேட்டதும் என்ன செய்ய வேண்டும் என்று அவரவர் பாஷையில், அவரவர் நம்பும் ஒருவர் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

விழுந்தவற்றில் ஆட்களைக் கொல்வதற்கென்றே செய்த சிதறுகுண்டுகளும் இருந்தன. தெருவில் நிற்பவர்களைத்தான் அவை அறுக்கும். அதே குண்டு விழும்போது ஒரு சாக்கடை ஓரத்தில் படுத்திருந்தால்கூடப் பிழைக்க வாய்ப்புண்டு. அன்று ஒரு நாளில் ஆயிரத்துக்கு மேல் இறந்தார்கள். மறுபடியும் கிறிஸ்துமஸ் அன்று, டிசம்பர் 25இல் தாக்குதல். இரண்டு நாளிலும் சேர்த்து 2,000 பேருக்கு மேல் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

அதன் பிறகுதான் அரசாங்கத்துக்குத் துறைமுகக் கூலியின் மதிப்பு தெரிந்தது. மக்கள் லட்சக்கணக்கில் ஊரை விட்டு வெளியேறினார்கள். கப்பலில் சரக்கு இருக்கிறது, இறக்க ஆள் இல்லை. துப்புரவு செய்ய ஆள் இல்லை, பிணம் எடுக்க ஆள் இல்லை. ப்ரோம் பாதையில் இந்தியாவை நோக்கி நடந்தவர்களில் பலரை அதிகாரிகள் வழிமறித்து, பேசிச் சமாதானப்படுத்தித் திரும்பி வரச் செய்தார்கள். துறைமுகம் ஓட வேண்டும் அல்லவா! திரும்பி வந்தவர்களும் இரண்டு மாதத்தில் மறுபடி நடக்க வேண்டி வந்தது. 1942 பிப்ரவரி 20இல் ஊரைக் காலி செய்ய உத்தரவு, மார்ச் 8இல் ரங்கூன் ஜப்பானியர் வசம். இறக்கி வைத்த லாரிகளில் எடுத்துப்போக முடியாத நூற்றுக்கணக்கானவற்றை எதிரி கையில் சிக்கக் கூடாது என்று தாங்களே அழித்துவிட்டுப் போனார்கள்.

நடந்து வந்தவர்கள் கதை தனிப் பதிவாக எழுத வேண்டியது. நான்கைந்து லட்சம் பேர் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் வந்தார்கள். வழியில் காலராவிலும் பசியிலும் பல்லாயிரம் பேர் இறந்தார்கள். டிசம்பர் மாதமே, வழியில் தண்ணீர் இருக்கும்போதே, நடந்தவர்களைத் தடுக்காமல் விட்டிருந்தால் அதில் எத்தனை பேர் வீடு வந்து சேர்ந்திருப்பார்கள் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

*கல்கத்தா, 1942–43*

ரங்கூனைப் பார்த்துப் பயந்த அரசாங்கம் கல்கத்தாவில் ஒரு முடிவுக்கு வந்தது. இங்கே தொழிலாளி ஓடிவிடக் கூடாது. அதற்குச் சங்கு போதாது, சோறு வேண்டும். 1942 ஆகஸ்டில் வங்காள வர்த்தக சபை ஓர் ஏற்பாடு செய்தது. துறைமுகம், ஆலை, ரயில்வே போன்ற அத்தியாவசியத் தொழிலாளருக்கு அரிசி தனியாக ஒதுக்கி, கட்டுப்படியாகும் விலையில் கொடுப்பது. லண்டனும் ரங்கூனும் கற்றுக்கொடுத்த பாடம் இது என்று பாராட்டத் தோன்றும். நில்லுங்கள், அந்த அரிசி எங்கிருந்து வந்தது?

பர்மா கைவிட்டுப் போனதால் அங்கிருந்து வருஷாவருஷம் வந்த பத்து லட்சம் டன்னுக்கு மேற்பட்ட அரிசி நின்றுபோனது. ஜப்பானியர் ஆற்று வழியாக உள்ளே வந்துவிடுவார்கள் என்ற பயத்தில் 1942 மே மாதம் இன்னொரு உத்தரவு. கடலோர வங்காளத்தில் பத்துப் பேருக்கு மேல் ஏற்றக்கூடிய படகுகளை எல்லாம் அப்புறப்படுத்த வேண்டும். சுமார் 66,500 படகுகளில் ஏறக்குறைய 46,000 போய்விட்டன. கீழ் வங்காளத்தில் படகு என்பது நம் ஊர் மாட்டு வண்டி மாதிரி. நெல் சந்தைக்குப் போவதும், மீனவன் பிழைப்பதும், குயவன் பானை விற்பதும் படகில்தான். அதைப் பிடுங்கினால் என்ன மிச்சம்? அக்டோபரில் மிதினாப்பூர் பக்கம் பெரும் புயல் வேறு.

1942 டிசம்பர் 20 இரவு கல்கத்தா மேல் முதல் குண்டு விழுந்தது. அந்த மாதக் கடைசி வரை பல தாக்குதல்கள். சேதம் ரங்கூன் அளவுக்கு இல்லை. ஆனால் ரங்கூன் கதை கேட்டிருந்த மக்கள் லட்சக்கணக்கில் ஓடினார்கள், கடைகள் மூடப்பட்டன. உணவு விநியோகம் நின்றுவிடும் என்று பயந்த அரசு, டிசம்பர் 27இல் மொத்த வியாபாரிகளின் அரிசி இருப்பைக் கையகப்படுத்தத் தீர்மானித்தது. அதோடு சந்தையின் மீது மிச்சமிருந்த நம்பிக்கையும் போனது. அரிசி பதுங்கியது, விலை பறந்தது.

நகரத்துத் தொழிலாளிக்கு அரிசி உறுதி செய்தாகிவிட்டது. கிராமத்து விவசாயக் கூலிக்கும் மீனவனுக்கும் வாங்கக் காசு இல்லை. 1943 வங்காளப் பஞ்சத்தில் இறந்தவர்கள் 15 லட்சம் என்றது அரசு விசாரணைக் குழு. 30 லட்சத்துக்கு அருகில் இருக்கும் என்கிறார் அமர்த்தியா சென். விமானக் குண்டில் கல்கத்தாவில் இறந்தவர்கள் எண்ணிக்கையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குண்டிலிருந்து துறைமுகத்தைக் காக்க எடுத்த நடவடிக்கைகளுக்கு, குண்டைவிடப் பெரிய விலையை, குண்டே விழாத கிராமங்கள் கொடுத்தன. பஞ்சத்துக்கு இது ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. முக்கியமான காரணங்களில் இதுவும் ஒன்று.

சரி, துறைமுகத் தொழிலாளியாவது காப்பாற்றப்பட்டாரா? 1943 டிசம்பர் 5, பட்டப்பகலில் ஜப்பானிய விமானங்கள் கிதர்ப்பூர் துறைமுகத்தைத் தாக்கின. இறந்தவர்களும் காயப்பட்டவர்களுமாகச் சுமார் 500 பேர். துறைமுகத்தில் வேலை செய்துகொண்டிருந்த கூலிகள் அவர்களில் நிறைய. முதல் தாக்குதல் நடந்து ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்தும் இதுதான் நிலை. ரேஷன் அவனை ஜெட்டியில் நிற்க வைத்தது, அவன் தலைக்கு மேல் கூரை போடவில்லை.

*ஒரு கணக்கு வாத்தியார் போல*

மூன்று ஊரையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. பாதுகாப்புத் திட்டம் எழுதுபவர் மனதில் யார் இருக்கிறார் என்பதுதான் கேள்வி. லண்டனில் முதலில் தோட்டம் உள்ள வீட்டுக்காரர் இருந்தார். துறைமுகத்துக்காரர்கள் சண்டை போட்டுத் தங்களையும் உள்ளே சேர்த்துக்கொண்டார்கள். ரங்கூனில் கப்பலும் சரக்கும் இருந்தன, கூலி இல்லை. கல்கத்தாவில் கூலியின் உழைப்பு இருந்தது, அவன் உயிர் பாதிதான் இருந்தது, கிராமத்தான் அறவே இல்லை.

2025 மே 7இல் நாடு முழுக்கச் சிவில் பாதுகாப்பு ஒத்திகை நடந்தது நினைவிருக்கும். நம் மாநிலத்தில் சென்னைத் துறைமுகத்திலும் கல்பாக்கத்திலும் நடத்தினார்கள். ஒத்திகை அவசியம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் சங்கு ஊதுவதைப் பார்த்துவிட்டுக் கைதட்டி முடித்துக்கொள்ளக் கூடாது. துறைமுகத்தில் இன்று ஒப்பந்தத்தில் வேலை செய்யும் பீகார், ஒடிசா தொழிலாளிக்கு அந்தச் சங்கின் அர்த்தம் இந்தியிலும் ஒடியாவிலும் சொல்லப்பட்டதா? அவன் தங்கும் தகரக் கொட்டகை வரைபடத்தில் இருக்கிறதா? ஊர் அடைபட்டால் நாலு நாள் அவன் என்ன சாப்பிடுவான்? அன்று ரங்கூனில் பாஷை தெரியாத ஊரில் நின்றவர்கள் நம் ஆட்கள். இன்று நம் ஊரில் அப்படி நிற்பவர்கள் அவர்கள்.

பணியில் இருக்கும் ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இரண்டாம் உலகப் போர் பாடம் எடுக்கும்போது, ஒரு பீரியடை ரங்கூனுக்கும் கல்கத்தாவுக்கும் ஒதுக்குங்கள். பிள்ளைகளிடம் "உங்கள் வீட்டில் பர்மாவிலிருந்து வந்தவர்கள் உண்டா?" என்று கேளுங்கள். சிவகங்கை, ராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சை மாவட்ட வகுப்புகளில் யாராவது கட்டாயம் கை தூக்குவார்கள். 1942இல் நடந்து வந்தவர்கள் இன்று மிகச் சிலரே உயிரோடு இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைக் கைப்பேசியில் பதிவு செய்துவையுங்கள். எந்தப் பாதையில் வந்தார்கள், எங்கே தண்ணீர் கிடைத்தது, யார் உதவினார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள்.

நடந்து வந்த பாதைகளைப் பற்றி அடுத்த பதிவில் எழுதுகிறேன்.